சொல்லாத விண்ணப்பம்

வில்லெட் க்ரீக், ஆர்கன்சா
ஆகஸ்ட் 14, 2006

அக்கா,

நீ அச்சுக்குக் கொடுத்த தேர்தல் பிரச்சார அட்டையின் மாதிரி வந்தது. படம் நன்றாக இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய படம் நன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்? பதினாறு வருடமாக இந்த மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரி என்று போட்டிருக்கிறாய், சரி. எட்டுத் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளில்லாதவர் என்று போட்டிருக்கிறாய், அதுவும் சரி. செத்தவர்களைப் பார்த்துச் சான்றெழுதும் வேலைக்கு யார் அடித்துக்கொண்டு வரப்போகிறார்கள்? இந்த வருடம்தான் ராய்ஸ் கெல்லமுக்கு ஆசை வந்திருக்கிறது. சவ அடக்கத்துக்குக் காப்பீடு விற்கிறவன், அதனால் தொழில் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கடைசி வரியை மட்டும் எடுத்துவிடு. ‘வில்லெட் க்ரீக் பாப்டிஸ்ட் சபையின் விசுவாசமுள்ள அங்கத்தினர்.’

ஃபோனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் பொய் சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை அக்கா. இருபது வருடமாக இல்லை. எந்தச் சாவைப் பார்த்து இப்படி ஆனாய் என்று கேட்பாய். எந்தச் சாவும் காரணமில்லை. யார் மேலும் கோபமில்லை. ஒருநாள் சபையில் தலை குனிந்து நின்றபோது, நான் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நேரத்தில் எனக்கு ஃபோன் வந்துவிடும், எழுந்து போய்விடுவேன். பாவம் லோவெல், ஓய்வே இல்லை என்று ஊரே உச்சுக்கொட்டும். சாவு வீட்டில் ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்பார்கள். “நீங்க சொல்லுங்க, நான் கூட நிக்கிறேன்” என்பேன். அவர்கள் சொல்வார்கள், நான் நிற்பேன். பதினாறு வருடத்தில் நான் ஒரு தடவையும் வாய் திறக்கவில்லை என்பதை யாரும் கவனித்ததில்லை. நிற்பது போதுமாக இருந்தது. கேட்காதவர்களுக்கு நான் சொல்லவும் இல்லை. அச்சில் போட்டால் அது நானே சொன்னதாகிவிடும்.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். ஹாய்ட் மாமாவுக்கு இப்போது கை அசைகிறதா?

லோவெல்

*

டல்ஸா, ஓக்லஹோமா
ஆகஸ்ட் 21, 2006

கர்த்தருக்குள் பிரியமான தம்பி லோவெலுக்கு,

உன் கடிதத்தை ஹாய்ட்டின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். பக்கவாதம் வந்த நாளிலிருந்து எல்லாக் கடிதத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டுவேன், பதில் வராவிட்டாலும். உன்னுடையதை முதல் பத்திக்கு மேல் வாசிக்கவில்லை. ஏன் நிறுத்திவிட்டாய் என்று அவர் கண்ணால் கேட்டார். லோவெலுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றேன். பார், இந்த வயதில் புருஷனிடம் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

இரண்டு வாரமாக நான் தூங்கவில்லை என்று எழுதினால் அது மிகை. கடிதம் வந்தே ஐந்து நாள்தான் ஆகிறது. ஆனால் அந்த ஐந்து நாளும் தூங்கவில்லை. நீ எனக்கு அடுத்துப் பிறந்தவன். ஒன்பது வயதில் ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் வாங்கி, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னிடம்தான் ஓடி வந்தாய். அம்மாவிடம் போகவில்லை. அந்தப் பிள்ளை எங்கே போனான்? செத்த பிறகு அம்மா ஓரிடத்தில், நீ ஓரிடத்தில் என்றால் நான் யார் பக்கம் போவேன்? உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கு இல்லை.

அட்டையில் அந்த வரி இருக்கட்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீ எடுக்கச் சொன்னதால் எடுத்துவிட்டேன். அச்சகத்துக்காரர், வரி விடுபட்டுவிட்டதா அம்மா என்று இரண்டு தடவை கேட்டார்.

ஒன்று செய்திருக்கிறேன், கோபப்படாதே. நேற்று நம் சபை வெர்னா ஃபேயைக் கூப்பிட்டு, ஒருத்தி மாற்றி ஒருத்திக்கு ஃபோனில் போகும் அவளுடைய ஜெபச் சங்கிலியில் உன் பெயரைக் கொடுத்தேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாத விண்ணப்பம் என்றுதான் வைத்தேன். அதற்குச் சபையில் எப்போதும் இடமுண்டு, யாரும் துருவமாட்டார்கள். இருபத்துமூன்று பெண்கள் உனக்காக முழங்கால்போடுகிறார்கள். நம்பாவிட்டாலும் உனக்கு அதில் என்ன நஷ்டம்?

உன் அக்கா
ஓலீட்டா

*

வில்லெட் க்ரீக்
ஆகஸ்ட் 27, 2006

அக்கா,

என்ன நஷ்டம் என்று கேட்டாய். சொல்கிறேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மூன்று பாத்திரங்கள். கோழி நூடுல்ஸ், சோள ரொட்டி, வாழைப்பழப் புட்டிங். செவ்வாயன்று இன்னும் ஐந்து. ஒவ்வொன்றின் அடியிலும் நாடா ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. கடையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு பேசாத ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, எப்போ தெரிஞ்சுது என்று கேட்டாள். எது தெரிந்தது என்றேன். தைரியமா இருக்கீங்க என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் புற்றுநோய் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கணையத்தில். சிலர் நுரையீரல் என்கிறார்கள். சொல்லாத விண்ணப்பம் என்றால் அவர்களே ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொள்வார்கள் என்பது உனக்குத் தெரியாதா?

இரண்டு நாள் நான் இந்த ஊரின் செல்லப்பிள்ளை. ராய்ஸ் கெல்லம்கூட வந்து தோளைத் தட்டி, வாபஸ் வாங்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். எனக்கு நோயே கிடையாது என்றேன். அதையும் தைரியம் என்றே எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை எல்லாம் நின்றுவிட்டது. மத்தியானம் ஒரு பெண் அவளுடைய பாத்திரத்தைக் கேட்டு வந்தாள். கழுவித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அப்படியே கொடுங்க என்று நூடுல்ஸோடு வாங்கிக்கொண்டு போனாள். வாசற்படிக்கு மேலே ஏறவில்லை.

புதன்கிழமை யாரிடம் என்ன சொன்னாய்?

லோவெல்

*

டல்ஸா
செப்டம்பர் 2, 2006

தம்பி,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். புதன்கிழமை வெர்னா ஃபே கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசினாள். “ஓலீட்டா, எங்கிட்ட மறைக்காத. புத்துநோய்தானே? எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. இடத்தச் சொல்லி ஜெபிச்சாத்தான் மனசு ஆறும்” என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டானா என்று வேறு கேட்டாள். உன் சாவைப் பற்றி அப்படிப் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்துமூன்று பேர் ஒரு பொய்க்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அது பாவம் இல்லையா என்றும் இருந்தது. “அவன் உடம்புக்கு ஒண்ணுமில்ல வெர்னா, விசுவாசம்தான் போயிடுச்சு” என்றேன். அவளிடம் மட்டும்தான் சொன்னேன். சங்கிலியில் கொடுக்காதே என்றும் சொன்னேன்.

அவள் மூக்கைச் சிந்தினாள். பிறகு, இதுக்குப் புத்துநோயே தேவலாம் என்றாள்.

நான் செய்தது தப்பு. ஆனால் நீ உண்மையை மறைக்க முடியாமல்தானே எனக்கு எழுதினாய்? நானும் அப்படித்தான். நம் வீட்டில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

இன்னும் காலம் கடந்துவிடவில்லை. போதகர் மெல்வின் என்னிடம் பேசினார். நல்ல மனுஷர், உன்னைப் பற்றி ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை. ஒரு ஞாயிறு, கடைசிப் பாட்டு பாடும்போது, நீ எழுந்து முன்னால் நடந்துபோய் அவர் கையைப் பிடித்தால் போதும், திரும்பி வந்துவிட்டாய் என்று சபை எடுத்துக்கொள்ளும். வாய்விட்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லையாம். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பதினைந்து அடி தூரம் லோவெல். சாவு வீடுகளில் பதினாறு வருடம் பேசாமல் நின்றவன் இங்கேயும் பேசாமல் நிற்கக்கூடாதா? நான் எண்ணி வைத்திருக்கிறேன், தேர்தலுக்கு முன்னால் இன்னும் பத்து ஞாயிறு இருக்கிறது. இந்த வேலையை விட்டால் உனக்கு என்ன இருக்கிறது? பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை.

ஓலீட்டா

*

வில்லெட் க்ரீக்
செப்டம்பர் 24, 2006

அக்கா,

பதினைந்து அடி நடக்க முடியாது. அங்கே நான் என் பெயரில் நிற்க வேண்டும். சாவு வீட்டில் நான் நிற்பது அவர்களுக்காக. இந்த வித்தியாசம் உனக்குப் புரியும், புரியாதது போல் எழுதியிருக்கிறாய்.

வெர்னா ஃபே சொன்னது சரி. புற்றுநோய் என்றே விட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். சாகப்போகிறவனுக்கு ஓட்டுப்போட இந்த ஊர் தயங்காது.

ராய்ஸ் முடிதிருத்தும் கடையில் மாநில அரசியல் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடவுள் இல்லை என்கிறவன் அரசாங்கப் பதவி வகிக்கக்கூடாது, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. இந்த மாதிரி வரிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் அச்சில் இருக்கிறதே. பதினாறு வருடம் நான் கையெழுத்துப் போட்ட சாவெல்லாம் செல்லுமா என்று கேட்கிறான். செத்தவர்கள் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் தேர்தல். இனி எழுதப்போவது வேறு.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஃபெரல் ஓக்ஸின் பண்ணையிலிருந்து அழைப்பு. அவன் மனைவி டோனா டிராக்டரோடு சரிவில் கவிழ்ந்துவிட்டாள். நான் போனபோது புல்வெளியில் கிடந்தாள். ஃபெரல் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் அவன் அப்பா போனபோது என் தோளில் விழுந்து அழுதவன். அவன் ஜெபித்தான், நான் கூட நின்றேன். இந்தத் தடவை நான் வேலிக் கதவைத் திறந்ததும் எழுந்து வந்தான்.

“அங்கியே நில்லு லோவெல். அவளத் தொடாத.”

நான் பார்த்துச் சொல்லாமல் அவளை அங்கிருந்து நகர்த்தக்கூடாது, அதுதான் சட்டம் என்றேன்.

“நீ யார்கிட்ட அனுப்பி வைக்கப்போற அவள?” என்றான். சத்தம் போடவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல் கேட்டான். 

ஷெரிஃபின் ஆள், சட்டப்படி உங்கள் பக்கம்தான், அவரைத் தள்ளி நிறுத்தட்டுமா என்றான். வேண்டாம், பக்கத்து மாவட்ட அதிகாரியைக் கூப்பிடு என்றேன். அவர் வேறொரு விபத்தில் இருந்தார். வர நான்கு மணி நேரம் ஆயிற்று. செப்டம்பர் வெயில் உனக்குத் தெரியும். ஃபெரல் ஒரு தார்ப்பாயை எடுத்து அவள்மேல் நிழல் விழும்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.  மறுமுனையை நான் பிடிக்கிறேன் என்று சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினான், வேண்டாம் என்று. நான் வேலிக்கு வெளியே நின்று, கழுகுகள் இறங்காமல் கல்லெறிந்து விரட்டிக்கொண்டிருந்தேன். நான்கு மணி நேரம். போயிருக்கலாம். போக முடியவில்லை.

இதற்குத்தான் முழங்கால் போட்டார்களா என்று அந்த இருபத்துமூன்று பேரையும் கேள். இல்லை, கேட்காதே. நீ யாரிடமும் எதையும் பேசாமல் இருந்தாலே போதும். இனி எனக்கு எழுத வேண்டாம்.

லோவெல்

*

வில்லெட் க்ரீக்
நவம்பர் 9, 2006

அக்கா,

எழுதாதே என்று சொன்ன பிறகும் ஆறு கடிதம் போட்டிருக்கிறாய். பிரிக்கவில்லை, எறியவும் இல்லை.

தோற்றுவிட்டேன். ராய்ஸுக்கு 3,104. எனக்கு 412. அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர் யார் என்று ஊரே தேடுகிறது. ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டுச்சீட்டில் என் பெயர் மேலே இருந்ததால் கை தவறியிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வருடக் கடைசியில் ஃபோனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்னிடம் இருந்த ஒரே ஃபோன் அதுதான். அதற்குப் பிறகு அவசரம் என்றால் கடிதம்தான். எனக்கு இனி என்ன அவசரம்?

லோவெல்

*

டல்ஸா
ஜனவரி 5, 2007

தம்பி,

இதைப் பிரித்துப் படி. உறையின் மேலேயே எழுதிவிடலாமா என்று பார்த்தேன், மனம் வரவில்லை.

ஹாய்ட் போய்விட்டார். புதன்கிழமை காலை, நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது. ஒரு கரண்டி வாயில் வாங்கிக்கொண்டார், விழுங்கவில்லை. உன் பழைய எண்ணுக்கு அடித்தேன். ராய்ஸ் கெல்லம் எடுத்தான். எங்கே உடல் இருக்கிறது என்று கேட்டான். நான் வைத்துவிட்டேன்.

அவருக்கும் எனக்கும் இடம் அங்கேதான், சபைக் கல்லறையில், அம்மாவுக்குப் பக்கத்தில். கல்லில் பெயரும் வெட்டியாயிற்று. சனிக்கிழமை பதின்மூன்றாம் தேதி என்று போதகரிடம் பேசினேன். பெட்டி தூக்குகிறவர்கள் பட்டியலில் உன் பெயரை முதலில் சொன்னேன். அவர் இருமினார். சாயங்காலம் வெர்னா ஃபே கூப்பிட்டாள். லோவெல் வேண்டாம், சபையாருக்குச் சங்கடம், வளாகத்துக்குள்ளேயே வராமல் இருந்தால் நல்லது, நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றாள். ஃபெரல் ஓக்ஸ் மனசும் பார்க்கணுமே என்றாள்.

நான் முடிவு பண்ணிவிட்டேன். ஹாய்ட்டை இங்கேயே அடக்கம் பண்ணுகிறேன். யாருக்கும் தெரியாத ஊர்க் கல்லறையானாலும் பரவாயில்லை. அம்மா பக்கத்து இடம் காலியாகவே கிடக்கட்டும். நான் உனக்குச் செய்ததற்கு இதையாவது செய்கிறேன். நீ வந்து பெட்டியைத் தூக்கு.

ஓலீட்டா

*

வில்லெட் க்ரீக்
ஜனவரி 8, 2007

அக்கா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

வேண்டாம். மாமாவை இங்கே கொண்டு வா. நீ அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நாற்பது வருடம் ஆகிறது. அந்த ஆசையை என் கணக்கில் எழுதாதே. செத்த பிறகு எங்கே என்பது எனக்கு ஒன்றுமில்லை, உனக்கு எல்லாமே அதுதான்.

நான் வேலிக்கு வெளியே நின்றுகொள்கிறேன். பழக்கம் உண்டு. கல்லறைக்கு வடக்கே மண் ரோடு அரசாங்க ரோடு, அங்கே நிற்க யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. நீ பார்க்க வேண்டும் என்றால் வடக்கே பார்.

உன் மற்ற கடிதங்களையும் பிரித்துவிட்டேன். ஆறிலும் ஒரே விஷயம்தான். மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. மாமாவுக்கு அந்தச் சாம்பல் நிறக் கோட்டைப் போடு, நீலம் வேண்டாம்.

லோவெல்

*

டல்ஸா
ஜனவரி 17, 2007

தம்பி,

சாம்பல் கோட்டுதான் போட்டேன்.

உன்னைப் பார்த்தேன். பெட்டியை இறக்கும்போது வடக்கே பார்த்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். மழைத்தூறலில் உன் தலை நனைந்திருந்தது. முப்பது முப்பத்தைந்து அடிதான் இருக்கும். போகலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்தேன். வெர்னா ஃபே என் கையைப் பிடித்திருந்தாள். இறுக்கிப் பிடித்திருந்தாள் என்று எழுதலாம். அது பொய். லேசாகத்தான் பிடித்திருந்தாள். உதறியிருந்தால் விட்டிருப்பாள். நான் உதறவில்லை. உன்னைப் பதினைந்து அடி நடக்கச் சொல்லி ஞாயிறுகளை எண்ணியவள் நான்.

அப்போதுதான் ஃபெரல் ஓக்ஸ் கூட்டத்திலிருந்து பிரிந்து போனான். சண்டைக்குப் போகிறான் என்றே எல்லோரும் நினைத்தோம். அவன் வேலிக் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் போய், உன் பக்கத்தில் நின்றான். உன்னோடு பேசவில்லை, உன்னைப் பார்க்கவும் இல்லை. தொப்பியைக் கழற்றினான். கடைசிப் பாட்டு முடிகிறவரைக்கும் அப்படியே கூட நின்றான். அவனுக்கு இருந்த கால் எனக்கு இல்லாமல் போயிற்று.

பாட்டு முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது உன் வண்டி போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு, ஆராதனைக்கு இருந்தேன். விண்ணப்ப வேளையில் போதகர், ஓலீட்டா சகோதரிக்கு ஏதாவது உண்டா என்றார். எழுந்தேன். சொல்லாத விண்ணப்பம் என்றேன். கூட்டம் முடிந்து வாசலில் வெர்னா ஃபே என்னைக் கட்டிக்கொண்டாள். “தம்பிக்காகத்தானே? விடாம ஜெபிப்போம்” என்றாள்.

போன தடவை அவள் தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்தினேன். இந்தத் தடவை திருத்தவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். ஊர் முழுக்க இப்போது உனக்காக ஜெபிக்கிறது.

நான் விண்ணப்பம் வைத்தது எனக்காக. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஓலீட்டா